‘மலையாளி’ என்னும் சொல்: ஆக்கமும் பொருளும்

கேரள மாநிலத்தில் வாழும் மக்களைக் குறிக்கத் தமிழில் பெருவழக்காக உள்ள சொல் ‘மலையாளி’ என்பதாகும். மாநிலத்தின் பெயர் கேரளம். மொழியின் பெயர் மலையாளம். மக்களின் பெயர் மலையாளி. தமிழ்நாடு, தமிழ், தமிழர் என்னும் மூன்று பெயர்களும் ஒரே அடியிலிருந்து தோன்றியவை. கேரளத்திலோ நாட்டுப்பெயர் ஓர் அடியிலும், மொழிப்பெயரும் மக்கட்பெயரும் வேறோர் அடியிலும் நிற்கின்றன. 2023ஆம் ஆண்டிலும் 2024ஆம் ஆண்டிலும் கேரளச் சட்டமன்றம் மாநிலத்தின் பெயரைக் ‘கேரளம்’ என்று மாற்றக் கோரித் தீர்மானங்கள் நிறைவேற்றியபோது நாட்டுப்பெயரின் வரலாறு பலராலும் பேசப்பட்டது. மக்கட்பெயரின் வரலாறு அந்த அளவிற்குக் கருதப்படவில்லை.

‘மலையாளி’ என்பதற்கு ‘மலையாள மொழி பேசுபவர்’ என்பதே பொதுவாகக் கூறப்படும் பொருள். மொழிப்பெயரிலிருந்து மக்கட்பெயர் தோன்றியது என்பது இவ்விளக்கத்தின் உட்கிடை. சொல்லின் அமைப்பையும் அதன் வழக்காற்றையும் ஒருங்கு நோக்கினால் இவ்வரிசை பொருந்துவதாகத் தோன்றவில்லை. ஆட்பெயரே முதலில் தோன்றியது. அதிலிருந்தே மொழிப்பெயரும் நாட்டுப்பெயரும் கிளைத்தன. அவ்வாட்பெயரும் மலைக்குக் கிழக்கே இருந்தோர் மலைக்கு மேற்கே இருந்தோருக்கு இட்ட பெயராகவே தொடங்கியிருத்தல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

1. சொற்பிறப்பு விளக்கங்கள்

‘மலையாளம்’, ‘மலையாளி’ ஆகிய சொற்களின் பிறப்பிற்கு மூவகை விளக்கங்கள் வழக்கில் உள்ளன.

முதலாவது, ‘மலை + ஆழி’ என்பது. மலையும் கடலும் சூழ்ந்த நாடாதலின் இப்பெயர் பெற்றது என்பர். மேற்கு மலைத்தொடருக்கும் அரபிக் கடலுக்கும் இடையே ஒடுங்கிய நிலப்பகுதியாகக் கேரளம் அமைந்திருப்பதால் இவ்விளக்கம் கேட்போர் மனத்தில் எளிதில் பதிகிறது. பள்ளிப் பாடங்களிலும் மேடைப் பேச்சுகளிலும் இது பயின்று வருவதற்கு அதுவே காரணம்.

இரண்டாவது, ‘மலை + அளம்’ என்பது. அளம் என்பதற்கு நிலம் எனப் பொருள் கொண்டு, மலையாளம் என்பது மலைநிலம் என்னும் நாட்டுப்பெயர் என்று இதனை விளக்குவர். கேரளபாணினீயம் இயற்றிய ஏ. ஆர். இராசராசவர்மாவும் மலையாளம் என்பது முதலில் நாட்டுப்பெயராக இருந்து பின்னர் மொழிப்பெயராயிற்று என்னும் கருத்தினர். 1896இல் வெளிவந்து 1917இல் திருத்திய பதிப்புப் பெற்ற அந்நூலின் செல்வாக்கால் நாட்டுப்பெயரே முந்தியது என்னும் கொள்கை நிலைபெற்றது.

மூன்றாவது, ‘மலை + ஆள்’ என்பது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல், மலையாளம் என்னும் பெயரின் பிற்பகுதியை ‘ஆள்’ என்னும் அடியோடு தொடர்புபடுத்தினார். ஆளுதல், உடைமையாகக் கொள்ளுதல் என்னும் பொருள்கள் அவ்வடிக்கு உரியன.

இம்மூன்றனுள் எது ஏற்புடையது என்பதை ஒலியியல், சொல்லாக்கம் ஆகிய இரண்டைக் கொண்டே துணிதல் வேண்டும். நிலத்தோற்றத்தோடு பொருந்துவது ஒன்றே ஒரு சொற்பிறப்பு விளக்கத்திற்குச் சான்றாகிவிடாது.

2. மொழிப்பெயரின் பழைய வடிவங்கள்

இச்சிக்கலைத் தீர்க்க உதவுவன மலையாள மொழியின் பெயருக்கு வழங்கிய பழைய வடிவங்களாகும். இன்று ‘மலையாளம்’ என்பது ஒன்றே நிலைத்திருப்பினும், மலையாண்மை, மலையாய்மை, மலையாழ்மை என்றெல்லாம் தமிழில் எழுதத்தக்க வடிவங்கள் முன்பு வழங்கின. 1516ஆம் ஆண்டளவில் மேலைக் கடற்கரை பற்றி எழுதிய போர்த்துகீசியரான துவார்த்தே பார்போசா, அந்நாட்டு மக்களின் மொழியை ‘மலியாம’ என்று குறித்தார். அவர் செவியில் விழுந்தது ‘மலையாளம்’ அன்று, ‘மலையாய்ம’ என்பதே. ரெவரண்ட் ஜார்ஜ் மாத்தன் 1863இல் வெளியிட்ட இலக்கண நூல் மொழியை ‘மலையாழ்ம’ என்றே தன் தலைப்பில் குறித்தது.

இவற்றுள் ‘மலையாண்மை’ என்னும் வடிவம் பெரிதும் கருதத்தக்கது. ளகர மெய்யின் பின் ‘மை’ விகுதி வருமிடத்து ளகரம் ணகரமாகத் திரிவது தமிழியல்பு. கேள் என்பதிலிருந்து கேண்மையும், ஆள் என்பதிலிருந்து ஆண்மையும் இவ்வாறே அமைந்தன. ழகர மெய் அவ்வாறு திரிவதில்லை. தாழ் என்பது தாழ்மை ஆகிறதேயன்றித் ‘தாண்மை’ ஆவதில்லை. கீழ் என்பது கீழ்மை ஆகிறதேயன்றிக் ‘கீண்மை’ ஆவதில்லை. எனவே ‘மலையாண்மை’ என்னும் வடிவத்தின் உள்ளிருப்பது ளகர ஈற்று ‘ஆள்’ என்பதே ஆகும். ‘ஆழி’ அடியாக இருந்திருப்பின் ணகர வடிவம் தோன்றியிராது.

‘மலையாழ்மை’ என்னும் ழகர வடிவத்தைக் கொண்டு ‘ஆழி’ விளக்கத்திற்கு வலிமை தேட முற்படலாம். ழகர ளகர மயக்கத்தால் ‘ஆள்’ என்பது ‘ஆழ்’ என எழுதப்பட்டிருத்தல் கூடும். ‘ஆழ்’ என்பது ‘ஆண்’ எனத் திரிந்தது என்று கொள்வதற்கோ வழியில்லை. மேலும், ழகரத்தையும் ளகரத்தையும் வேறுபடுத்தி ஒலிக்கும் மொழி மலையாளம். அம்மொழியினர் தம்மைக் குறிக்கும் சொல்லை ளகரத்தோடுதான் ஒலிக்கின்றனர்.

‘அளம்’ என்னும் விளக்கத்திற்கும் இடர்கள் உள. மலை என்பதும் அளம் என்பதும் புணர்ந்தால் ‘மலையளம்’ என்றே ஆகும். யகரத்தின் மேல் ஏறிய உயிர் நீண்டதற்குக் காரணம் கூற இயலவில்லை. தமிழில் அளம் என்பது உப்பு விளையும் நிலத்தைக் குறித்து வருவது. உப்பளம் என்னும் வழக்கு இன்றும் உண்டு. கடற்கரை நிலத்திற்குரிய அச்சொல் மலையோடு சேர்ந்து ஒரு நாட்டின் பெயராயிற்று என்பது பொருளளவிலும் இயைபுடையதன்று. எல்லாவற்றினும் முதன்மையானது, ‘அளம்’ என்பதைக் கொண்டு ‘மலையாண்மை’ என்னும் வடிவத்தை விளக்க முடியாமையாகும்.

3. ஆட்பெயரின் முதன்மை

‘ஆள்’ அடியே பொருந்துவது எனத் துணிந்த பின், நாட்டுப்பெயர், மொழிப்பெயர், ஆட்பெயர் ஆகியவற்றுள் எது முந்தியது என்னும் வினா எழுகிறது. இதற்கு விடைகாணத் துணைபுரிவது ‘வேளாளர் – வேளாண்மை’ என்னும் இணை. வேளாளர் என்பது மக்களைக் குறிக்கும் பெயர். வேளாண்மை என்பது அவர்தம் தன்மையையும் தொழிலையும் குறிக்கும் பண்புப்பெயர். இவ்வாறே ‘மலையாளர் – மலையாண்மை’ என்பதும் ஓர் இணையாக அமைகிறது. மலையாளர் மலைப்புறத்து மக்கள். மலையாண்மை அவர்தம் தன்மை, அவர்தம் வழக்கு, அவர்தம் பேச்சு. ஆளைக் குறிக்கும் பெயர் இல்லாமல் அதன் தன்மையைக் குறிக்கும் பெயர் தோன்றுவது இயல்பன்று.

‘ஆளி’ என்னும் ஈறும் இதனையே காட்டுகிறது. அறிவாளி, உழைப்பாளி, நோயாளி, கடனாளி, கூட்டாளி, பங்காளி, தொழிலாளி, முதலாளி என வரும் சொற்களில் ‘ஆளி’ என்பது உடையவரையோ ஒன்றோடு தொடர்புடையவரையோ குறிக்கிறது. நோயாளி நோயை ஆள்பவர் அல்லர், நோயை உடையவர். அதுபோல மலையாளி மலையை ஆள்பவர் அல்லர்; மலையோடு தொடர்புடையவர். சேர மன்னர் மலைநாட்டை ஆண்டமையால் இப்பெயர் தோன்றியது என்பது ‘ஆள்’ என்பதற்கு ஆட்சிப்பொருள் ஒன்றையே கொண்டதன் விளைவாகும்.

கல்வெட்டு வழக்கும் இதற்கு அரண் செய்கிறது. பத்தாம் நூற்றாண்டில் முதற்பராந்தகனின் மகன் இராசாதித்தன் திருமுனைப்பாடி நாட்டில் தங்கியிருந்தபோது அவனுடைய படையில் மேலைமலைக்கு அப்பாலிருந்து வந்த வீரர் பலர் இருந்தனர். அவன் படைத்தலைவனும் கிராமம் என்னும் ஊரில் கற்றளி எடுப்பித்தவனுமான வெள்ளன் குமரன் கேரளத்தைச் சேர்ந்தவன். திருநாவலூர்க் கல்வெட்டுகளில் இவ்வீரர் ‘மலையாண ஒற்றைச் சேவகர்’ எனப்படுகின்றனர். ‘மலையாண’ என்பது இங்கு மொழியைக் குறித்ததன்று. வந்தவர் எவர் என்பதைக் குறித்தது.

நாட்டைக் குறிக்கச் சோழர் காலத்து வழக்கு மலைநாடு, மலைமண்டலம் என்பனவே. நாட்டிற்குத் தனிப்பெயர் இருந்த நிலையில் மக்களைக் குறிக்க ‘ஆள்’ அடியில் ஒரு சொல் வழங்கியது என்பது இதனால் தெளிவு. மொழியின் பெயரோ இன்னும் பிற்பட்டது. மணிப்பிரவாள நடைக்கு இலக்கணம் வகுத்த 14ஆம் நூற்றாண்டு நூலான லீலாதிலகம், நாட்டு மொழியைக் கேரளபாஷை என்று வழங்குகிறது. அது தமிழ் என்றும் அழைக்கப்பட்டதை ஒப்புகிறது. அதே வேளையில் சோழ பாண்டியர் நாட்டு மொழியிலிருந்து அது வேறுபட்டது என்றும் நிலைநாட்ட முயல்கிறது. மொழி தனித்து நிற்பதை உணர்ந்து வாதிட்ட நூலுக்கும் ‘மலையாளம்’ என்னும் பெயர் மொழிக்குரிய முதற்பெயராகப் படவில்லை. மக்கட்பெயராக வழங்கிய சொல் மொழிக்கு முழுவதும் உரியதானது அதன் பின்னரே எனலாம்.

4. எவர் நின்று இட்ட பெயர்?

கேரள மக்கள் தம் நாட்டின் நிலத்தை மலைநாடு, இடைநாடு, கடற்கரை என மூன்றாகப் பகுத்துரைப்பர். அவர்தம் வழக்கில் ‘மலநாடு’ என்பது கிழக்கே உயர்ந்துள்ள பகுதிக்கு மட்டும் உரியது. கொல்லத்திலோ கொச்சியிலோ கோழிக்கோட்டிலோ வாழ்பவர் தம்மை மலைநாட்டார் என எண்ணுவதற்குக் காரணமில்லை. அவர்களுக்கு மலை என்பது கிழக்கே தொலைவில் உள்ளது.

தமிழ் வழக்கிலோ நாடு முழுதும் மலைநாடு. வைணவர் போற்றும் 108 திருப்பதிகளுள் மலைநாட்டுத் திருப்பதிகள் என்று வகுக்கப்பட்டவை 13. அவற்றுள் திருவனந்தபுரம் கடலுக்கு அண்மையில் உள்ளது. திருநாவாய் பாரதப்புழையின் கரையில் உள்ளது. திருவட்டாறும் திருவண்பரிசாரமும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளன. தேவாரத் தலங்களுள் மலைநாட்டிற்குரியதாக எண்ணப்படும் திருவஞ்சைக்களமும் கடற்கரைச் சமவெளியிலேயே உள்ளது. இத்தலங்கள் மலைமீது இருப்பதால் இப்பெயர் பெறவில்லை. மலைக்கு அப்பால் இருப்பதால் பெற்றன. சோழ பாண்டிய நாடுகளில் நின்று மேற்கு நோக்குபவருக்கு முதலில் தோன்றுவது மலை. மலைக்கு அப்பாலுள்ள வயலும் காயலும் கடற்கரையும் அவர் நோக்கில் மலையின் பெயராலேயே அடங்கிவிடுகின்றன.

இவ்வகைப் பெயரீடு தென்னாட்டில் அரிதன்று. வடக்கே இருந்தோர் வடுகர் எனப்பட்டனர். அச்சொல்லில் திசையே உள்ளது. குடகு என்னும் பெயரையும் மேற்கைக் குறிக்கும் ‘குட’ என்பதோடு இயைப்பர். கேரள மக்களும் தமிழரைத் தம் நோக்கிலிருந்தே பெயரிட்டனர். மலைக்கு அப்பால் முதலில் எதிர்ப்படுவது பாண்டியநாடாதலின் தமிழர் அனைவரும் அவர்களுக்குப் ‘பாண்டி’கள் ஆயினர். கும்பகோணத்தவரும் காஞ்சிபுரத்தவரும் கூட அவ்வழக்கில் பாண்டிகளே. பின்னாளில் அச்சொல்லில் இகழ்ச்சிப் பொருளும் ஏறியது. ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரை எல்லையில் உள்ளதைக் கொண்டு பெயரிட்டனர் என்பதற்கு மலையாளி, பாண்டி ஆகிய இரு சொற்களும் ஒன்றற்கொன்று சான்றாகின்றன. அவற்றுள் ஒன்று பெயர் பெற்றவராலேயே ஏற்கப்பட்டது, மற்றொன்று ஏற்கப்படவில்லை.

நாட்டைக் குறிக்கும் ‘கேரளம்’ என்பதன் வரலாறு வேறு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் அசோகர் கல்வெட்டிலேயே கேரளபுத்திரர் குறிக்கப்படுகின்றனர். அது சேரல் என்னும் குடிப்பெயரோடு தொடர்புடையது என்பர். அரசகுடியின் பெயர் நாட்டிற்கும், அயலார் இட்ட பெயர் மக்களுக்கும் மொழிக்கும் ஆயின. கட்டுரையின் தொடக்கத்தில் சுட்டிய ஈரடி வேறுபாட்டிற்கு இதுவே காரணம் ஆகலாம்.

5. ஒரு பெயர், இரு மக்கள்

‘மலையாளி’ என்பது மலைப்புறத்தவர் என்னும் பொருளுடைய பொதுச்சொல் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை, சவ்வாதுமலை, ஏலகிரி, சித்தேரி ஆகிய மலைகளில் வாழும் பழங்குடியினர் மலையாளி என்றே அழைக்கப்படுகின்றனர். அவர்களுடைய மொழி தமிழ். அவர்களுடைய மரபுக் கதைகள் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறியதைக் கூறுகின்றன. தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளை 1909இல் வெளியிட்ட எட்கர் தர்ஸ்டனும் இவர்களைச் சமவெளியிலிருந்து மலைக்குச் சென்ற தமிழர் என்றே கருதினார்.

இவர்களுக்கும் கேரளத்திற்கும் பெயரளவிலன்றி வேறு தொடர்பு காட்டச் சான்றில்லை. கேரள மக்களும் இப்பழங்குடியினரும் ஒரே பெயர் பெற்றமைக்குக் காரணம், சமவெளித் தமிழர் இருசாராரையும் ஒரே சொல்லாக்கத்தால் குறித்ததேயாகும். ஒரு சாரார் மலைக்கு அப்பால் வாழ்ந்தனர். மற்றொரு சாரார் மலைமேல் வாழ்ந்தனர். பெயர் ஒத்திருப்பதைக் கொண்டு இனத் தொடர்பு காண முற்படுவது சொல்லின் வரலாற்றை அறியாமையால் நேர்வது.

இது ஏட்டளவில் நிற்கும் சிக்கலன்று. அட்டவணைப் பழங்குடியினர் பட்டியலில் தமிழ்நாட்டிற்குரிய பகுதியில் ‘மலையாளி’ என்னும் பெயர் தனித்து நிற்கவில்லை. தர்மபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்களின் பெயர்கள் அதனோடு சேர்க்கப்பட்டன. பெயர் மட்டும் இருந்தால் அது எவரைச் சுட்டும் என்பது தெளிவாகாது. இடத்தோடு சேர்ந்தபோது அது கேரளத்தவரை விலக்கிப் பழங்குடியினரைச் சுட்டுகிறது. இவ்வரையறையால் வேறொரு சாராருக்கு இடர் நேர்ந்தது. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலைப்பகுதியில் இதே பெயரோடு வாழ்பவர்கள் பட்டியலில் இடம் வேண்டி நெடுங்காலமாகக் கோரிக்கை எழுப்பி வந்துள்ளனர். ஒரு சொல் இருபொருள் படுவதன் சுமையைச் சாதிச் சான்றிதழ் வேண்டி நிற்கும் மாணவர் சுமக்க நேரிடுகிறது.

6. கிழக்கு நோக்கிச் சென்ற பெயர்

மலையின் பெயரால் மக்களைக் குறிக்கும் வழக்குக் கடல்வழியாகவும் பரவியது. ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்னும் கிரேக்க வணிகர் மிளகு விளையும் கரையை ‘மலே’ என்று குறித்தார். பின்னர் அரபியரும் பாரசீகரும் அதனோடு நாட்டைக் குறிக்கும் ஈறு சேர்த்து ‘மலபார்’ என வழங்கினர். அல்பிரூனியின் எழுத்தில் இப்பெயர் காணப்படுகிறது.

ஐரோப்பியர் மேலைக் கரையிலேயே முதலில் கால் பதித்தமையால், அங்குக் கற்ற பெயரைக் கீழைக் கரைக்கும் கொண்டு சென்றனர். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தன் மொழியை ‘மலபார்த் தமிழ்’ என்று குறித்தது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழை ‘மலபார்’ மொழி என்றே தம் மடல்களில் எழுதினார். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த ரீயூனியன் தீவிற்குக் கூலிகளாகச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் இன்றளவும் ‘மல்பார்’ என்றே அழைக்கப்படுகின்றனர்.

இவ்வழக்கு சட்டத்திலும் இடம்பெற்றது. யாழ்ப்பாணத்துத் தேசவழமை 1806ஆம் ஆண்டு ஒழுங்குவிதியின் வாயிலாகச் சட்ட வலிமை பெற்றபோது, அது யாழ்ப்பாண மாகாணத்து ‘மலபார்க் குடியிருப்பாளர்’க்கு உரியது என்று வரையறுக்கப்பட்டது. அத்தொடர் குறித்தது தமிழரை. பிற்காலத்தில் ஒருவருக்கு இச்சட்டம் பொருந்துமா என்று ஆராய நேர்ந்த நீதிமன்றங்கள், அவர் தமிழரா, யாழ்ப்பாணத்தில் நிலையான குடியிருப்பு உடையவரா என்னும் இரு வினாக்களை எழுப்ப வேண்டியிருந்தது. மேலைக்கரை மக்களைக் குறிக்கத் தமிழர் பயன்படுத்திய மலைப்பெயர் சுற்றி வந்து தமிழரையே குறித்ததும், அவர்தம் சொத்துரிமையை வரையறுக்கும் சட்டச் சொல்லானதும் எண்ணத்தக்கன.

7. தற்பெயரான நிலை

அயலார் இட்ட பெயரைக் கேரள மக்கள் தம் பெயராக ஏற்றுக்கொண்டதை முழுமையாகக் காட்டுவது 1891ஆம் ஆண்டு நிகழ்ச்சியாகும். அவ்வாண்டு சனவரியில் திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாளிடம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பம் அளிக்கப்பட்டது. அரசுப் பணிகளில் வெளியிலிருந்து வந்தோர், குறிப்பாகத் தமிழ்ப் பிராமணர், மிகுதியாக அமர்த்தப்படுகின்றனர் என்பதும் நாட்டு மக்களுக்கு உரிய பங்கு வழங்கப்படவேண்டும் என்பதும் அதன் கருத்து. ‘மலையாளி மெமோரியல்’ என்று அது பெயர் பெற்றது. நாயர், சிரியக் கிறித்தவர், ஈழவர் ஆகியோர் அதில் ஒருங்கு நின்றனர்.

இவ்விண்ணப்பத்தில் ‘மலையாளி’ என்பது சாதியையும் சமயத்தையும் கடந்த ஒரு மக்கட்பெயராயிற்று. சொல்லின் வரலாற்றில் இது பெரிய மாற்றம். மலைக்குக் கிழக்கே இருந்தோர் இட்ட பெயர், கிழக்கேயிருந்து வந்தோரை விலக்குவதற்கு உரிய பெயராக மாறியது. எனினும் அதன் ஒற்றுமை முழுமையானதன்று. ஈழவர்க்கு அரசுப்பணியும் கல்வியும் கிடைக்கவில்லை என்று டாக்டர் பல்பு 1896இல் 13,176 பேர் கையொப்பத்துடன் தனி விண்ணப்பம் அளிக்க வேண்டியிருந்தது.

இச்சொல்லின் புதிய பொருளில் வேறொரு முரணும் இருந்தது. திருவிதாங்கூர் நாட்டின் மண்ணுக்குரிய மக்கள் அனைவரும் மலையாளம் பேசியவர் அல்லர். தோவாளை, அகஸ்தீசுவரம் முதலிய தென்வட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோருள் தமிழர் பெருந்தொகையினர். அவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள் அல்லர். ஆயினும் மலையாளி என்னும் பெயருக்குள் அடங்கவும் இல்லை. ‘நாட்டவர்’ என்பதும் ‘மலையாளி’ என்பதும் ஒன்றென வழங்கத் தொடங்கியபோது இவர்கள் தம் மண்ணிலேயே பெயரற்றவராயினர். திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசின் போராட்டத்திற்கும், 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்ததற்கும் அரசியல் காரணங்கள் பலவுண்டு. மக்கட்பெயரின் பொருள் குறுகியதும் அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது.

அந்நாளில் தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. அங்கும் பாலக்காட்டிலும் திருவனந்தபுரத்திலும் வாழும் தமிழர் கேரள மாநிலத்தவர், மலையாளிகள் அல்லர். தமிழும் கன்னடமும் பேசும் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு தொடர்புகொள்ளக் கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடமளித்தமை, மாநிலத்தவர் என்பதும் மலையாளி என்பதும் ஒன்றல்ல என்பதைச் சட்டமே ஒப்பியதாகும். மறுதலையாக, தலைமுறைகளாகச் சென்னையிலோ மும்பையிலோ வாழும் மலையாளிகள் கேரள மாநிலத்தில் வாழ்வோர் அல்லர்.

இவ்வேறுபாட்டைக் காட்டும் சொல் கேரளத்தில் உண்டு. ‘கேரளீயர்’ என்பது நாட்டைக் கொண்டு அமைந்த பெயர். 2018இல் தொடங்கிய லோக கேரள சபையும், 2023இல் அரசு நடத்திய கேரளீயம் விழாவும் நாட்டுப்பெயரையே தேர்ந்துகொண்டன. தமிழ் நாளிதழ்களிலும் பாடநூல்களிலும் ‘கேரளத்தவர்’ என்பதும் ‘மலையாளி’ என்பதும் வேறுபாடின்றி ஆளப்படுகின்றன. மாநிலத்தில் வாழ்வோர் அனைவரையும் சுட்ட வேண்டிய இடத்தில் கேரளத்தவர் என்பதையும், மொழியாலும் மரபாலும் ஒன்றுபட்டோரைச் சுட்டுமிடத்து மலையாளி என்பதையும், சேர்வராயன் முதலிய மலைகளில் வாழ்வோரைச் சுட்டுமிடத்து ‘மலையாளிப் பழங்குடியினர்’ என்பதையும் ஆளுதல் பொருட்டெளிவிற்கு உதவும்.

8. முடிவுரை

‘மலையாளி’ என்பது மலை, ஆள் ஆகிய இரண்டன் சேர்க்கையால் அமைந்த ஆட்பெயர். ‘மலையாண்மை’ என்னும் பழைய மொழிப்பெயர் வடிவம் ‘ஆழி’, ‘அளம்’ ஆகிய விளக்கங்களை விலக்கி ‘ஆள்’ என்னும் அடியை உறுதிசெய்கிறது. வேளாளர், வேளாண்மை என்னும் இணை, ஆட்பெயரே முந்தியது என்பதைக் காட்டுகிறது. மலைநாடு என்னும் வழக்கின் பரப்பும், தமிழ்நாட்டு மலைகளில் வாழும் பழங்குடியினரின் பெயரும், இது கிழக்குச் சமவெளியில் நின்று இடப்பட்ட பெயர் என்னும் முடிவிற்கு இட்டுச் செல்கின்றன.

ஒரு மக்கட்பெயரின் பொருள் அதன் பகுதி விகுதிகளுக்குள் மட்டும் அடங்கிவிடுவதில்லை. பெயரிட்டவர் எவ்விடத்தில் நின்றார், பெயர் பெற்றவர் அதனை எந்நோக்கத்திற்கு எடுத்துக்கொண்டார் என்பவற்றையும் சேர்த்தே அதனை அறிதல் வேண்டும். இச்சொல்லைப் பொறுத்தவரை முதல் வினாவிற்குரிய விடை தமிழ்நிலத்தில் உள்ளது. ஆகவே மலையாளி என்னும் சொல்லின் வரலாறு கேரள வரலாற்றின் ஒரு பகுதியாவதோடு தமிழ்ச் சொல் வரலாற்றின் பகுதியும் ஆகும். தமிழாய்வுலகம் அதனைத் தன் பொறுப்பாகக் கொள்ளுதல் தகும்.